பத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரே பெயர்

நான் பார்க்கும் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை. யாராவது கேட்டால் "நெட்டு போடறானுங்க" என்று முடித்துவிடுவார். அது பாதி வேலைதான். ஆபீஸ்களில் ஒரு சர்வரை வைத்து, இன்டர்நெட் பக்கம் போகும் ஒவ்வொருவரையும் "நீ யார்?" என்று கேட்க வைப்பது மீதிப் பாதி. பெயரும் பாஸ்வேர்டும் அடித்தால்தான் அது வழி விடும். எந்தப் பெயர் எந்த நேரத்தில் எங்கே போனது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். திருச்செங்கோடு, நாமக்கல், குமாரபாளையம் என்று பல இடங்களில் நான் அமைத்தவை இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை நினைத்தால் மட்டும் எனக்குச் சோறு இறங்காது.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித் தீவன மில்லின் ஆபீஸ் அது. வேலை நேரத்தில் ஆட்கள் படம் பார்க்கிறார்கள் என்று முதலாளி சர்வர் வைக்கச் சொன்னார். பத்துப் பேருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பாஸ்வேர்டு, ஒரு பெயரில் ஒரு கம்ப்யூட்டர்தான் என்று கட்டுப்பாடு. இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிட்டு மார்தட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் தாங்கவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு என் போன் அடிக்கும். ஒருவர் பாஸ்வேர்டை மறந்திருப்பார். இன்னொருவர் அதை மனைவியின் பிறந்தநாளாக மாற்றிவிட்டு, மனைவியின் பிறந்தநாளை மறந்திருப்பார்.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் டெஸ்பாட்ச் பார்த்த அக்கா. எந்த லாரியில் எத்தனை மூட்டை, எந்தப் பண்ணைக்கு என்பதெல்லாம் பல வருடங்களாக அவர் பொறுப்பு. காலையில் முதல் ஆளாக வருவதும் அவர்தான். ஷட்டரைத் தூக்கி, கூட்டி, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஆன் செய்து, சின்னப் பித்தளைத் தட்டில் சூடம் கொளுத்தி ஒவ்வொன்றுக்கும் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். ஆயுத பூஜைக்கு என் சர்வருக்கும் சந்தனம் வைத்தார், அதுவும் காற்று போகிற ஓட்டையின் மேல். நான் கத்திவிட்டேன். "கோவிச்சுக்காதீங்க சாமி" என்று முந்தானையால் துடைத்தவர், ஓட்டையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஒரு பொட்டு வைத்தார்.

"ஏனுங் தம்பி, தெனமும் இந்தப் பாடு எதுக்குங்க?" என்று ஒருநாள் கேட்டார். "காத்தால நாந்தானே எல்லாத்தையும் ஆன் பண்றேன். சூடங் காட்டறப்பவே என்ற பேரை அடிச்சுத் தொறந்து உட்டுட்டா ஆகாதுங்களா?"

ஆகாது என்று சொல்ல வேண்டியவன் நான். ஆளுக்கொரு பெயர் என்பதற்காகத்தான் அந்தச் சர்வரே இருக்கிறது. ஆனால் காலை நேரத்தில் போன் அடிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அவர் பெயருக்கு எதிரே ஒன்று என்று இருந்ததை அழித்துப் பத்து என்று போட்டேன். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் யார் என்ன செய்தாலும் சர்வர் கணக்கில் அது அக்கா செய்தது. முதலாளிக்கு நான் இதைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, தன் கையால் கோத்த வசம்பு வளையலைக் குழந்தையின் கையில் போட்டுவிட்டுப் போனார். குழந்தை பிறந்த பத்தாவது நாள் முதலாளி என்னை வரச் சொன்னார்.

மில்லின் முட்டைக் கோழித் தீவன பார்முலா, அதிலிருந்த எழுத்துப் பிழைகூட மாறாமல், வேறொரு மில்லின் கைக்குப் போயிருந்தது. யாரோ பொய்ப் பெயரில் தொடங்கிய மெயிலிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிரதி முதலாளியிடம் வந்துவிட்டது. அதில் அனுப்பிய நேரம் இருந்தது.

"அந்த நேரத்துல யாரு அனுப்புனதுன்னு உன்ற டப்பா சொல்லுமா தம்பி?"

சொல்லும் என்றேன், பெருமையாகத்தான். திறந்து தேடினேன். அந்த நேரத்தில் வெளி மெயிலுக்கு ஒரு கோப்பு போயிருந்தது. எதிரே அக்காவின் பெயர். எந்தக் கம்ப்யூட்டர் என்ற விவரத்தையும் குறித்து வைக்கும்படி நான் செய்திருக்கலாம். இடம் அடைக்கிறது என்று விட்டுவிட்டேன். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இந்தப் பேரா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். பத்துக் கம்ப்யூட்டரும் இதே பெயரில்தான் ஓடுகின்றன என்று சொல்லியிருந்தால், யார் அப்படி விட்டது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அவருடைய சொந்தக்காரர்களின் மில்களிலும் நான்தான் வேலை பார்க்கிறேன். இவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா வாசலும் அடைபடும்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். விஷயம் கேட்டதும் அவர் பதறவில்லை. சாட்சி பக்கத்திலேயே இருக்கிற தைரியம். "நான் அனுப்புலீங்க. காத்தால எல்லா மிசினையும் என்ற பேர்லதானுங்க தொறந்து உடறேன். தம்பிக்குத் தெரியும், கேளுங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர் பேரை இன்னொருத்தருக்குப் போடக்கூடாதுங்க. முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியிருக்கேனுங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதல் நாள் சொல்லத்தான் செய்தேன். அக்கா என்னையே பார்த்தார். நீங்கள்தானே மாற்றிக் கொடுத்தீர்கள் என்று இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. மேசைக்குப் போய்ப் பித்தளைத் தட்டை எடுத்து, கரியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், நான் அவர் பெயருக்கு எதிரே இருந்த பத்தை அழித்து ஒன்று என்று மாற்றினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது, பழியை அந்த அம்மாள் தலையில் ஏற்றினேன். உண்மையில் அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்திருந்தேன்.

ஒன்றரை வருடம் போனது. மோகனூர் சாலையில் ஒரு முட்டை குடோனில் நெட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கீறல் விட்ட முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கா. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா சாமி? பாப்பா நடக்கறாளா?"

நடக்கிறாள் என்றேன். பிறகு, அவ்வளவு நாளும் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "நான்தான் மாத்திக் குடுத்தேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

அவர் ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அட்டையில் வைத்தார். "சொல்லத்தானுங்க வாயெடுத்தேன். கொழந்த பொறந்து பத்து நாளு, உங்க பொழப்பு போயிருமேன்னு நெனச்சேன். எனக்கென்ன, ஒண்டிக்கட்டை, வேற மில்லுல பாத்துக்கலாம்னு இருந்தேன். எந்த மில்லுலயும் உள்ளயே உடலீங்க. எல்லாத்துக்கும் சேதி போயிருக்குது." குற்றம் சாட்டும் குரல் இல்லை. அடுத்த முட்டையை எடுத்தார்.

அன்று வேலையைப் பாதியில் விட்டு வெளியே வந்து, வண்டியில் சாய்ந்து நின்று, முதலாளிக்குப் போன் செய்தேன். பத்துக் கம்ப்யூட்டரும் அந்தப் பெயரில் ஓடியது, நானே மாற்றிக் கொடுத்தது, மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா தப்புப் பண்ணினதாகச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது, திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். எந்த ஏச்சுக்குப் பயந்து அன்று வாயை மூடினேனோ, அதற்காகக் காத்து நின்றேன்.

"அட உடு தம்பி" என்றார் அவர். "அந்த எடத்துக்கு ஆள் போட்டு வருசமாச்சு. இப்பப் போயி அதையெல்லாம் கெளறிக்கிட்டு. ஆமா, சர்வரு ரெண்டு நாளா சத்தம் போடுது, எப்ப வாரே?"

குடோன் வாசல் வழியாகப் பார்த்தால் அக்காவின் முதுகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை வாரேனுங்க என்றேன்.