எந்தக் கை கழுவுகிற கை

முன்பள்ளி ரீச்சர் வைத்தது ஒன்றும் பெரிய சோதனை இல்லை. கக்கூசு வருகிறது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போய்த் தானே கழுவ வேண்டும். பத்து மணிக்குக் கொடுப்பதைத் தன் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

"இவ்வளவும் சரியெண்டால் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. இல்லையெண்டால் அடுத்த தவணை பாப்பம்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயதில் அதையெல்லாம் தவறாமல் செய்வேன் என்று எனக்கே நான் பிணை நிற்க மாட்டேன். பேத்திக்கு மூன்றரை வயது.

என் மகளுக்குப் பருத்தித்துறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அதுவும் அந்தத் திங்கட்கிழமை தொடக்கம். அடுத்த தவணை வரைக்கும் கடைக்காரர் வாய் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பேத்தியை நானே வைத்திருக்கலாமே என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். எங்கள் கிணற்றுக்கட்டு என் முழங்கால் உயரம். அந்த முழங்கால் ஓட்டத்தை விட்டுக் கனகாலம். பேத்தி நடந்து நான் கண்டதில்லை, பறப்பாள். கிணற்றையும் அவளையும் என்னையும் ஒரே வளவில் விட்டுவிட்டு யார் நிம்மதியாக வேலைக்குப் போவது?

அதுவரைக்கும் மகள்தான் அவளுக்குச் சோறு குழைத்துத் தீத்தினாள், கழுவியும் விட்டாள். இப்போது எல்லாவற்றையும் ஒரு கிழமைக்குள் பழக்க வேண்டும். கட்டாரில் இருக்கிற மருமகன் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் பழக்கிறன் மாமி. அவளுக்கு நான் வேறை என்னத்தைச் செய்து குடுக்கிறன்?"

அதற்கு மேல் நான் என்ன கதைக்க?

காலமை வேலை பஸ்ஸுக்குப் போக முன்னம் வீடியோவில் போன் எடுப்பார். குசினியில் போனைச் செம்பில் சாத்திவிட்டு, அதற்கு முன்னால் பேத்தியை இருத்தி விடுவோம். அவர் அங்கே பல் தீட்ட இவள் இங்கே தீட்டுவாள். அவர் துப்ப இவளும் துப்புவாள். அவருக்குத் துப்ப அங்கே தொட்டி இருந்தது, இவளுக்கு என் பாய்தான் இருந்தது. பிறகு அவர் பாணும் பருப்பும் சாப்பிட்டுக் காட்டுவார், ஒரு வெறுங் கோப்பையைத் தூக்கித் தண்ணீர் வார்க்கிற மாதிரி நடித்துக் காட்டுவார்.

"பிள்ளை, இது என்ன கை?"

"கழுவுற கை."

"இது?"

"சாப்பிடுற கை."

"என்ரை கெட்டிக்காரி."

அடுப்படியில் நின்ற மகளும் கிணற்றடியில் நின்ற நானும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டோம். கேட்கக் கேட்கச் சந்தோசம். பேத்தி தானே கக்கூசுக்குப் போனாள், முழங்கை வரைக்கும் சவுக்கார நுரையோடு வந்தாள். மகள் கடைக்குப் போட்டுப்போகச் சட்டை தைக்கக் குடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலமைதான் வினை வந்தது. நான் புட்டுக் கோப்பையோடு இருந்தேன். பேத்தி பக்கத்தில் வந்து குந்தி, தன் கோப்பையில் இருந்த புட்டை ஒரு பிடி பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அம்மம்மா, ஆ காட்டுங்கோ."

நீட்டினது இடக்கை. என் வாய் தானாகப் பூட்டிக்கொண்டது.

"மற்றக் கையாலை தா, குஞ்சு."

"மற்றது கழுவுற கை. ஊத்தை அம்மம்மா" என்று வலக்கையைப் பின்னுக்கு ஒளித்தாள்.

போன் வந்தபோது நானும் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து பார்த்தேன். மருமகன் சரியான கையைத்தான் தூக்கினார். ஆனால் அவர் எங்களுக்கு எதிரே இருந்தார். பிள்ளை கண்ணாடி பார்ப்பது போலத் தனக்கு நேரே எந்தக் கை எழும்புகிறதோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கினாள். அவருடைய இடக்கை இவளுக்கு வலக்கை ஆகிவிட்டது. முறைப்படி பார்த்தால் அவள் நீட்டின கை என் கையிலும் பார்க்கச் சுத்தம். அதை என் வாய்க்கு யார் விளங்கப்படுத்துவது?

மகள் தலையில் கை வைத்தாள். "எணை, இடக்கையாலை சாப்பிட்டால் ரீச்சர் என்ன நினைப்பா? ஒண்டும் பழக்கேல்லை எண்டு திருப்பி அனுப்பிப்போடுவா."

"பேசாமல் விடு பிள்ளை. ஒரு கை அதுக்கு, ஒரு கை இதுக்கு. கணக்குச் சரிதானே."

"சபையிலை இருந்து சாப்பிடேக்கை சனம் சிரிக்குமெல்லே."

"சனம் என்னைப் பாத்தும் சிரிக்குது. நான் மெலிஞ்சே போனன்?"

மகள் கேட்கவில்லை. அன்று பின்னேரமே மாற்றிப் பழக்கத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் அந்தப் பிள்ளைக்கு இரண்டு கையும் கழுவுகிற கை, இரண்டு கையும் சாப்பிடுகிற கை. அடுத்த நாள் எந்தக் கை என்று தெரியாததால் கக்கூசுக்கே போக மாட்டேன் என்று அடக்கிக்கொண்டு நின்றாள். மகள் தைத்து வந்த சட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினேன். பேத்தி வயிற்றைப் பிடிக்கிற நேரமெல்லாம் கக்கூசுக் கதவைத் திறந்து காட்டினேன். அவள் போகவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் போய்வந்தேன்.

ஞாயிறு காலமை போன் வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, ஒருக்கா மற்றப் பக்கம் திரும்பி இருங்கோ."

"ஏன் மாமி?"

"முகம் வேண்டாம். முதுகைக் காட்டுங்கோ. அப்பத்தான் பிள்ளையும் நீங்களும் ஒரே பக்கம் பாப்பியள். உங்கடை கையும் அவளின்ரை கையும் ஒண்டாகும்."

"அவளின்ரை முகத்தைப் பாக்கத்தானே மாமி நான் எடுக்கிறனான்."

"ஓம் தம்பி. எனக்கு விளங்குது. பிள்ளை நேற்றுத் தொடக்கம் போகேல்லை."

திரும்பி இருந்தார். போனில் இப்போது ஒரு முதுகும் அதற்கு மேலே ஈரத் தலையும்தான் தெரிந்தன. அவருடைய அறையில் மேல் அடுக்குக் கட்டிலில் கிடந்த ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, மனிசியோடை கோவமோ?" என்றான். மருமகன் பாணைப் பிய்த்து, தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். பேத்தி அதைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், வலக்கையால் பாணை எடுத்தாள்.

"அப்பாவின்ரை முகம் எங்கை?"

"அங்காலைப் பக்கம் இருக்கு. நீ சாப்பிடு."

மத்தியானம் அவள் கக்கூசுக்குப் போனாள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். இடக்கை. ஆனால் ஒரு தரத்தை நம்பி யார் உறங்குவது?

திங்கட்கிழமை மகள் புதுச் சட்டையோடு பஸ் ஏறினாள். நான் பேத்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முன்பள்ளி வேலியோடு போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன்.

"நீங்கள் வீட்டை போங்கோ அம்மா" என்றா ரீச்சர்.

"வீட்டிலை இருக்கேலாது ரீச்சர். இருந்தாலும் இஞ்சை வந்திடுவன்."

பத்து மணிக்கு அவித்த பயறு கொடுத்தார்கள். பேத்தி கோப்பையை வாங்கினாள், எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து இருந்தாள், வலக்கையால் சாப்பிடத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெட்டை அதைப் பார்த்துவிட்டுத் தானும் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்கச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டது.

ரீச்சர் வெளியே வந்தா. "இவ ஏன் திரும்பி இருந்து சாப்பிடுறா?"

"தேப்பன் பழக்கினது ரீச்சர்."

என்னை மேலும் கீழும் பார்த்தா. அதற்குள் உள்ளேயிருந்து, "ரீச்சர், கக்கா வருது" என்று தெரு முழுக்கக் கேட்கிற குரல் வந்தது. ரீச்சர் ஓடினா. வாங்கு என்னைக் குத்தியது. எழும்பினேன், இருந்தேன், வேலியில் ஒரு பூவரசங் கொப்பில் இருந்த இலை எல்லாவற்றையும் பிடுங்கி முடித்தேன்.

பிறகு ரீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "தானே போனவ, தானே கழுவினவ. நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தச் சுவர்ப் பழக்கத்தை நான் மாத்திறன்."

மருந்துக்கடைக்குப் போன் எடுத்தேன். மகள் மெல்லிய குரலில், "என்னவாம் எணை?" என்றாள்.

"பிள்ளையை எடுத்தாச்சு. நீ நிண்டு வேலையைப் பார்."

அவள் போனை வைக்க மறந்துவிட்டாள். அதற்குள்ளே இருந்து அவளுடைய குரல், எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒரு நிமிர்ந்த குரல், ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது:

"இதைச் சாப்பிட முன்னம் போடுங்கோ ஐயா. மற்றதைச் சாப்பிட்டாப் பிறகு."