எண்ணெய்க் கையும் ஹைட்ரோலிக் க்ளட்ச்சும்

க்ளட்ச் கருகுகிற வாசனை... அந்த நாட்களை நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாதை. கோயில் வளைவு ஏற்றம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் காது கிழியக் கத்துகிறது, பைக் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் இருந்த என் மனைவி யோகா இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் நடக்க ஆரம்பித்தாள். கலியாணமாகி அப்போது மூன்றே மாதம்.

அவளுக்குத் தோட்டத்தின் மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் வேலை. பஸ் சந்தியோடு திரும்பிவிடும், மிச்சம் நாலு மைல் ஏற்றம். ஏழரைக்கு அதிபர், அதாவது தலைமையாசிரியர், வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் லேட். அந்த வாரம் மூன்று நாள் அவள் கையெழுத்து கீழேதான்...

அவளுக்காகத்தான் எம்பிலிப்பிட்டிய வரை போய் அந்தப் பழைய ஜப்பான் 250 சிசி பைக்கை வாங்கினேன். எல்லார் பைக்கிலும் க்ளட்ச்சை இழுக்கக் கம்பி. என்னுடையதில் கம்பியே கிடையாது, ஆயில் போய்த் தள்ளும். "ஒரு வெரலு போதும்டா!" என்று லயத்து வீடுகள் முழுக்கப் பெருமையடித்தேன். என் வாய்க்கு நன்றாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் யோகா சொன்னாள்: "என்னால முடியலங்க. திங்கக்கெழமலருந்து மேலயே போர்டிங்ல தங்கிக்கிறேன். சனி ஞாயிறு வாறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள்... உடனே பைக்கை டவுனுக்கு விட்டேன்.

டவுனில் மெக்கானிக் சுனில் பாஸ் க்ளட்ச் லிவரை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தார். "ப்ளேட் இவரய் மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். ப்ளேட் தேய்ந்து முடிந்ததாம். இன்ஜினைக் கழற்ற வேண்டுமாம், சாமான் வர இரண்டு வாரமாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ப்ளேட் போயிருந்தால் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஏன் ஜம்மென்று இழுக்கிறது? சூடானால்தானே வழுக்குகிறது? லிவரும் வரவர இறுகி, கையை விட்டாலும் சோம்பேறி மாதிரி மெதுவாகத்தான் திரும்புகிறது...

சனிக்கிழமை வேலைக்குப் போனேன். அப்போது ரப்பர் பேக்டரியில் ஷீட் அடிக்கிற ரோலர் என் பொறுப்பு. ரோலருக்கு எண்ணெய் விட்டுவிட்டு, ஏதோ யோசனையில் புகைக்கூடத்துக்குள் போய், காயப்போட்டிருந்த ஷீட்டில் கையை வைத்துவிட்டேன்.

"ஐயய்யோ தம்பி! எண்ணக் கையோடயா ஷீட்ட தொடுறீங்க?" அங்கே வேலை செய்கிற செல்வமணி அக்கா கத்தினார். "ஊதி, பிசுபிசுன்னு போயிரும்னு நீங்கதானே எங்களுக்கு ஏசுவீங்க!"

அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஹேண்டிலில் இருக்கிற க்ளட்ச் ஆயில் குட்டி டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. இதே ரோலர் எண்ணெயைத்தான் ஊற்றினேன்! எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று. பிரேக் ஆயில் மட்டுமே போக வேண்டிய இடம் அது. உள்ளே இருப்பது ரப்பர் வாஷர். ரப்பரில் எண்ணெய் படக்கூடாது என்று தினமும் பத்துப் பேரை ஏசுகிற மகாராசன் பார்த்த வேலை இது. சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அதே ஏற்றத்துக்குப் பைக்கை விட்டேன். சூடாகி வழுக்க ஆரம்பித்தது. இறங்கி, இன்ஜின் பக்கத்தில் ஆயில் வந்து சேருகிற இடத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். சர்ர்ரென்று பீச்சியடித்தது! வாஷர் ஊதி வழியை அடைத்ததில், சூட்டுக்கு விரிந்த ஆயில் திரும்ப முடியாமல் க்ளட்ச்சைத் தள்ளிக்கொண்டே சிக்கிக் கிடந்த அழுத்தம் அவ்வளவும் வெளியே. நட்டை இறுக்கிவிட்டு ஏறினேன்... பைக் பாய்ந்தது. ப்ளேட்டுக்கு ஒன்றும் இல்லை! நடுரோட்டில் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

ஞாயிறு காலை பஸ் ஏறி அவிசாவளைக்கு ஓடினேன். ஊதிய வாஷரை வைத்து அளவெடுக்க முடியாதே, அதனால் லிவரோடு இருக்கிற மேல் சிலிண்டர், இன்ஜின் பக்கத்துக் கீழ் சிலிண்டர் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பழைய வாஷர் ஊறவைத்த கடலை மாதிரி இருந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கு என்னத்த ஊத்தினீங்க?" என்றார். நான் காசை எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு சிலிண்டருக்கும் புது வாஷர், குழாயெல்லாம் புது பிரேக் ஆயில் விட்டுக் கழுவியாயிற்று. ஆனால் லிவர் தொளதொளவென்று கிடந்தது. உள்ளே காற்று. யோகாவைக் கூப்பிட்டு லிவரைப் பிடிக்கச் சொன்னேன்.

"புடி... வுடாத... இப்ப வுடு."

"கை நோவுதுங்க."

"இன்னும் கொஞ்சம் யோகா."

குமிழி... குமிழி... பிறகு சுத்தமான ஆயில். திடீரென்று அவள், "ஏங்க, இப்ப கெட்டியா நிக்குதுங்க!" என்று கத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போர்டிங்குக்குக் கட்டி வைத்திருந்த பையை அவளே உள்ளே போய் அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை கோயில் வளைவில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஹார்னை அடித்துக்கொண்டே ஏறினேன். ஏழு இருபதுக்குப் பள்ளிக்கூட வாசல். உள்ளே போனவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, கையை உயர்த்திக் காட்டினாள். கோட்டுக்கு மேலே!

அப்போதெல்லாம் அந்த வளைவு வந்தால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். இப்போது பாதை கார்ப்பெட் போட்ட தார் ரோடு. பஸ்ஸும் மேலே வரை போகிறது. ஆனாலும் யோகா பஸ்ஸில் போவதில்லை. அதே 250, அதே பின் சீட்.

போன வாரம் மழையில் நேரமாகிவிட்டது. நான் பழைய பயத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அதிபர் அம்மாவாகிவிட்ட யோகா என் தோளில் தட்டினாள்.

"மெதுவா போங்க. நான் போய்ச் சேந்தாத்தானே கோடு போட ஏலும்."