தோற்றவன் கொண்டுவர வேண்டிய கயிறு

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, கயிறு காயவைத்தது. மழைக்காலம் முடிந்திருந்தது. வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் கார் கொட்டகைக்கும் நடுவே அதை மடித்து மடித்துக் கட்டினார்கள். கைக்கு அடங்காத பருமன். முழுக்க விரித்தால் தெருவில் பாதி தூரம் போகும். அவர் ஒரு முனையைப் பிடித்து உதறினார். அவள் மறுமுனையில் நின்று தூசியைத் தின்றாள்.

அவள் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர். கயிறு என்று எதைப் பார்த்தாலும் கை தானாகப் புரியைப் பிரித்துப் பார்க்கும். பார்த்தாள். உள்ளே நார் தூளாக உதிர்ந்தது.

“எங்க லிஃப்டுல இருந்தா இதை எப்பவோ தூக்கிப் போட்டிருப்போம்பா.”

“லிஃப்டுல ஏறுறவன் இதைப் பிடிக்கப் போறதில்லை. பிடிக்க வேண்டியவன் ஒருத்தன்தான்” என்றார் அப்பா.

அந்த ஒருத்தன் அம்மாவின் அண்ணன். அவளுக்கு மாமா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மர மில்லில் வேலை பார்த்தவர்.

அந்த வட்டாரத்தில் கால்பந்துக்கு ஒரு கிளப் இருந்தது, சைக்கிளுக்கு ஒன்று இருந்தது. இரண்டுக்கும் பணம் வேண்டும், மைதானம் வேண்டும். எட்டு பேரும் ஒரு கயிறும் இருந்தால் போதும் என்பதால் பால் வண்டி ஓட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கயிறு இழுக்கும் கிளப் வைத்தார்கள். விதைக் கிடங்கின் பின்னறைதான் அலுவலகம். ஒரு இரும்பு அலமாரி, கால் ஆடும் ஒரு பெஞ்சு, மூட்டை நிறுக்கும் தராசு. போட்டிக்கு முன்னால் ஆட்களையும் அதே தராசில்தான் ஏற்றுவார்கள். தினம் சாயங்காலம் மரக்கிளையில் கப்பி மாட்டி, கல் நிரப்பிய எண்ணெய் டிரம்மை இழுத்து ஏற்றி இறக்குவார்கள். அக்கரையில் மர மில்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு, நாங்கள் மட்டும் இளப்பமா என்று அவர்களும் ஒன்று தொடங்கினார்கள்.

அப்பா பால் வண்டி ஓட்டியவர். வரிசையில் கடைசி ஆள், ‘நங்கூரம்’ என்பார்கள். கயிற்றை உடம்போடு சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றுகிறவர். ‘நங்கூரம் வீடு’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். பின்வாங்குகிறவன் ஜெயிக்கிற ஒரே ஆட்டம் இதுதான், அதனால்தான் தனக்குச் சரிப்பட்டு வந்தது என்பார். அக்கரையின் கடைசி ஆள் மாமா.

இரண்டு கிளப்புக்கும் கயிறு ஒன்றுதான். தோற்ற கிளப் அதை வைத்திருந்து கழுவி, காயவைத்துப் பராமரிக்க வேண்டும். அடுத்த வருஷப் போட்டிக்கு முன் தோற்ற பக்கத்தின் கடைசி ஆள் தனியாக, தோளில் சுமந்து, பாலத்தைக் கடந்து, ஜெயித்த கடைசி ஆளின் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். வழியெல்லாம் கேலி கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதுதான் தண்டனை. முதல் தடவை அப்பா அப்படிச் சுமந்துபோனபோது கதவைத் திறந்தது மாமாவின் தங்கை. அந்த வருஷம் தோற்றதுதான் தன் ஒரே வெற்றி என்று கல்யாணத்துக்குப் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அம்மாவுக்கு அதில் பெருமை இல்லை. “கட்டினவன் ஒரு முனை, கூடப் பிறந்தவன் ஒரு முனை. நடுவுல கட்டின சிவப்புத் துணி நான். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் தோத்துச்சுன்னு அர்த்தம்” என்பாள்.

கடைசிப் போட்டி நடந்தபோது மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு இழுப்பு ஜெயித்து, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் தரை சேறாகியிருந்தது. இக்கரை அணி அங்குலம் அங்குலமாக இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் குறும்பு தோன்றியது. ஜெயிக்கிறவன் சேற்றில் மல்லாந்து விழுந்தபடி ஜெயிக்கட்டுமே. உடம்பிலிருந்து சுற்றைக் கழற்றினார். “விடுங்கடா” என்றார். எட்டு பேரும் கையை விட்டார்கள்.

அக்கரை மொத்தமும் சாய்ந்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஏழு பேர் எழுந்தார்கள். எல்லோருக்கும் அடியில், கயிறு சுற்றிய உடம்போடு கிடந்த மாமா எழவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் மரம் தூக்கவில்லை. மில்லில் கேட்டைத் திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து மாமா தங்கையிடம் ஒன்றுதான் சொல்லியனுப்பினார்: “கையை விட்டான், போகட்டும். விளையாட்டுதானே. சிரிச்சான் பாரு, அதுதான்.”

அடுத்த வருஷம் போட்டி இல்லை. அதற்கடுத்த வருஷம் கிளப்பே இல்லை. பின்னறையில் உர மூட்டை அடுக்கினார்கள். தராசு பழைய இரும்புக்குப் போனது. தோற்ற பக்கத்திடம் கயிறு மட்டும் மிஞ்சியது.

வருஷாவருஷம் அப்பா அதைக் காயவைத்தார். காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்றார். ஒரு வருஷம் முழங்கால் வலி, ஒரு வருஷம் பாலம் பழுது. பெரும்பாலும் ஈரம். சரியாகக் காயாத கயிற்றைக் கொண்டுபோனால் மச்சான் அதையும் சொல்லிக் காட்டுவான் என்பார். அம்மா அடுப்படியிலிருந்து, இவர் கயிறு காய்வதற்குள் ஆறே காய்ந்துவிடும் என்பாள்.

இந்த வருஷம் மகள் காரைக் காட்டினாள். பாலத்தைத் தாண்டினால் மாமா வீடு. “ஏத்துங்கப்பா, இப்பவே போயிடலாம்.”

“காருல போனா அது பார்சல். தோள்ல போனாத்தான் கயிறு.”

“நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுற ஆளு இதைத் தூக்கிட்டுப் பாலம் ஏறுவீங்களா?”

“நின்னு நின்னு போவேன். ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுல இருப்பான். அதுக்குள்ள காஞ்சிடும்.”

இருவரும் கயிற்றை வட்டமாகச் சுருட்டி, வெயில் விழும் வாசல் பெஞ்சில் வைத்தார்கள். அவள் ஊருக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். பாதி முகத்தில் நுரை இருந்தது என்று அம்மா போனில் சொன்னாள். அந்தப் பாதியைத் துடைத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டாளாம்.

மாமா வந்தார். கைத்தடியோடு ஓரமாக நின்றார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாசல் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து கயிற்றையே பார்த்தார். சுருளின் ஒரு பக்கத்தில் மகள் போகும்போது இல்லாத ஒன்று இருந்தது. தோளில் படும் இடத்தில் அப்பா பழைய துண்டை மடித்து, சாக்கு ஊசியால் தைத்திருந்தார். மாமா அந்தத் தையலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மாப்பிள்ளை எப்பத் தச்சாரு?”

“நீ வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி” என்றாள் அம்மா. “வருவாரு, வருவாருன்னு பார்த்துக்கிட்டு இருந்தியாண்ணே?”

“கயிறு சீசன் வந்தா ஞாயித்துக்கிழமை வெளிய எங்கயும் போறதில்லை.” தையலிலிருந்து விரலை எடுத்து, “நானாவது பாலத்துல பாதி தூரம் வந்து நின்னிருக்கலாம்” என்றார்.

மகள் எழுந்தாள். “நான் தூக்கிட்டு வரட்டுமா மாமா? நடந்தே வர்றேன்.”

மாமா வேண்டாமென்று தலையை ஆட்டினார். “தோத்தவன்தான் கொண்டுவரணும். நீ என்னம்மா தோத்த?”

தடியை ஊன்றி எழுந்து, பாலத்தை நோக்கி மெதுவாகப் போனார். கயிற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தூறல் போட்டது. நனையப் போகிறது, உள்ளே வை என்றாள் அம்மா. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மகள் பழக்க தோஷத்தில் ஒரு புரியைப் பிரித்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

துளி ஈரம் இல்லை.