தரையை அடித்த கொத்தனார்

குளியலறையில் மகள் வழுக்கி விழுந்து கால் முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானது போட ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் அதற்கே அலைய வேண்டியிருந்தது. எப்போது போன் செய்தாலும், "கருவேப்பிலங்குறிச்சி தாண்டிட்டேங்க" என்பார். வரமாட்டார்.

ஒருநாள் வந்தார். காதில் பென்சில், வாய் நிறைய வெற்றிலை. நான் கத்துவதற்குள், "பாப்பா எந்த எடத்துல வுழுந்துச்சி?" என்றார். காட்டினேன். சுத்தியலால் அங்கே ஓங்கி அடித்தார்.

"எங்க பாப்பாவையே தள்ளிவுடுவியா? இந்தா, வாங்கிக்க!"

கல்லூரியில் படிக்கும் மகள், மாவுக்கட்டோடு சுவரைப் பிடித்தபடி சிரித்தாள். விழுந்த பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பாதித் தரையைப் பெயர்த்ததும், "சிமெண்டு வாங்கிட்டு வரேங்க" என்று போனவர் இன்னும் வரவில்லை. அவள் பக்கத்து வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போய்க் குளிக்கிறாள். வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்றால் விடமாட்டேனென்கிறாள்.

"மீதியையும் அவரே அடிக்கட்டும்ப்பா."