துரைக்கு ஈ தேர்ந்து கொடுத்த வாரம்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் இரண்டாவது வேலையாளாக இருந்தேன். எங்கள் பெரிய துரையிடம் நாற்பது ஐம்பது ஈக்கள் இருந்தன. உயிருள்ளவை அல்ல. சிறு தூண்டில் முள்ளில் கோழி இறகும் முயல் மயிரும் பட்டு நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈக்கள். சீமையிலிருந்து தபாலில் வரும். ட்ரவுட் மீன் அதை நிஜம் என்று நம்பிக் கவ்வ வேண்டும். அந்த மீனும் சீமை மீன்தான். அதன் முட்டையை ஐஸில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நம் மலை ஆற்றில் விட்டார்களாம். மண்புழு வைத்தால் சீக்கிரம் கவ்வும் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புழு வைத்துப் பிடிப்பது கௌரவமான ஆள் செய்யும் வேலை இல்லை என்பது துரையின் கொள்கை. மீனை ஏமாற்றுவதிலும் ஒரு மரியாதை இருந்தது.

ஞாயிறு காலையில் ஆற்றங்கரையில் ஈக்களின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். வானத்தைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், ஓர் ஈயை எடுத்து வெளிச்சத்தில் திருப்புவார், திரும்ப வைத்துவிடுவார். ஒரு குடும்பத்தின் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சலித்துப்போய் என் பக்கம் பெட்டியை நீட்டினார். "எது? நீ சொல்லு."

வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். விரலுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைத் தொட்டேன். அதற்கு இரண்டு மீன் விழுந்தது. அன்றிலிருந்து நான் நிபுணன் ஆகிவிட்டேன். பேசாமல் இருப்பவனுக்கு விஷயம் தெரியும் என்று துரைமாரும் நம்புகிறார்கள்.

அந்த வருஷங்களில்தான், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று, எங்கள் ஆட்களைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொல்லியிருந்தது அரசாங்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இங்கே இருக்கிறேன் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப்பதிவில் எத்தனை வருஷமாகப் பேர் இருக்கிறது என்று துரை கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். துரை கையெழுத்துப் போடுவது திங்கட்கிழமை. ஞாயிறு மீன் கிடைத்திருந்தால் படிக்காமலே போடுவார். கிடைக்காவிட்டால் படிக்காமலே தள்ளிவிடுவார்.

ஆபீசில் பெரிய கிளாக்கர் என் கடிதத்தைத் தட்டச்சில் அடித்து மூன்று திங்கட்கிழமைகளில் துரை மேசையில் வைத்தார். மூன்று முறையும் திரும்பி வந்தது. மனுவுக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

"இந்த ஞாயித்துக்கெழமயும் மீனு விழலேன்னா ஒன் கத முடிஞ்சிச்சுப்பா," என்றார் கிளாக்கர். "நல்ல ஈயா பாத்துக் குடு."

லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்து சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம பொழப்ப ஒரு ஈ கையில குடுத்துட்டு நிக்கிறீங்களே! சரி வாங்க, கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்."

கலியாணப் பேச்சானாலும், ஊர்ப் பயணமானாலும், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். ஈக்களைக் காயவைத்துத் துடைப்பது என் சனிக்கிழமை வேலை என்பதால் பெட்டி என்னிடம்தான் இருந்தது. மூன்று ஈக்களைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனோம்.

பூசாரி பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டினார். "என்னப்பா இது, பூவு மாதிரி இல்லியே?"

"ஈங்க."

"செத்ததா?"

"பொறக்கவே இல்லீங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சூடம் கொளுத்தினார். மனைவி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தால், இருந்ததிலேயே மோசமான கறுப்பு ஈ. ஒரு பக்க இறகைப் பூச்சி அரித்திருந்தது.

"ஆத்தாளுக்கு நம்ம மேல என்ன கோவமோ," என்றாள்.

மறுநாள் துரையும் அதையே கேட்பது போலத்தான் பார்த்தார். "இதா?" தலையாட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட் விழுந்தது. துரை தண்ணீரிலேயே குதித்தார். கரையேறி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தது எனக்கு.

திங்கள் காலை ஆபீசில் துரை இல்லை. மீனை ஐஸில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குத் துரைமார் கிளப்பில் காட்டப் போய்விட்டார். சனிக்கிழமைதான் வருவாராம்.

"ரொம்ப நல்ல ஈயா குடுத்துட்ட போலருக்கே," என்றார் கிளாக்கர்.

புதன்கிழமை கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிளப்பின் பின்வாசலில் நின்று சொல்லி அனுப்பினேன். துரை வெளியே வந்தார். என்னைக் கண்டதும் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் நாலு துரைமார் முன்னால் நிறுத்தினார். எப்படி அந்த ஈயைத் தேர்ந்தாய் என்று கேட்டார்கள்.

"கோயில்ல கேட்டங்க தொரை."

சிரித்துச் சிரித்து ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடிதத்தை நீட்டினேன். என் காகிதம் ஒன்றை அவர் படித்து நான் பார்த்தது அன்றுதான். முகத்தைச் சுளித்தார். "இது சரியில்லே. நான் நல்லா எழுதி தர்றேன்," என்று அதைக் கிழித்துப் போட்டார். கிளப் காகிதத்தில் தன் கையாலேயே ஒரு பக்கம் நிறைய எழுதி, உறையில் இட்டு ஒட்டிக் கொடுத்தார். நான் குனிந்து கும்பிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்த உறையை மடங்காமல் பிடித்திருந்தேன்.

வியாழக்கிழமை கிளாக்கர் உறையைப் பிரித்தார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"நீ நேர்மையான ஆளாம். குடிக்கமாட்டியாம். ஆத்த பாத்து ஈ எடுக்குறதுல ஒன்னய மாதிரி ஒருத்தன இந்தத் தீவுலயே பாத்ததில்லையாம்."

"எத்தன வருசமா இங்க இருக்கேன்னு?"

"அது இல்லப்பா."

வேறு வழியில்லை. அதையே மனுவோடு வைத்து அனுப்பினோம்.

வெகு காலம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி துரையின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். எப்போதிலிருந்து அந்தத் தோட்டத்தில் இருக்கிறாய் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன். அதற்குக் காகிதம் எங்கே என்றார். அதிகாரியின் கையில் இருந்ததைக் காட்டினேன். அதிகாரி கொஞ்சம் சிரித்து, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சிங்களத்தில் சொன்னார்.

"ஐயா லீவுக்கு நுவரெலியா பக்கம் மீன் புடிக்கப் போறாராம். எந்த ஈ நல்லதுன்னு கேக்குறாரு."

"கறுப்புங்க," என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. தொடர்ந்து இங்கே வசித்ததற்கு ஆதாரம் இல்லாததால் மனு தள்ளுபடி. அந்தக் கடிதத்தின் உறையில் என் பேரும், என் தகப்பனார் பேரும், தோட்டத்தின் பேரும், லயத்தின் இலக்கமும், காம்பராவின் இலக்கமும் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். தபால் கொண்டுவந்தவர் யாரையும் விசாரிக்காமல் நேராக வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.