ஹெல்மெட்டைப் பிடுங்கி வைத்த டாக்டர்

டாக்டர் புவனா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, கிள்ளானில் என் துணிக்கடையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினால், பந்தலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அலர்ஜி ஊசின்னு ஊருக்கெல்லாம் குத்தினாங்க, தானும் போட்டுக்கிட்டாங்க. கடைசியில அதுதான் ஆளைக் கொண்டு போயிருச்சு லா."

சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும். டாக்டர் தன் தூசி அலர்ஜிக்கு ஊசி போட்டு முடித்துப் பல வருஷமாகிறது. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்தப் பெஞ்சை மறக்க முடியுமா? சேலைத் தூசிக்குத் தும்மித் தள்ளிய நானும் அங்கேதான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன்; ஒத்துக்கொள்ளாத தூசியையே துளித் துளியாக அளவு கூட்டி உடம்புக்குப் பழக்கும் ஊசி. ஊசி போடும் முன்பே ஹெல்மெட்டை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிடுவார். காரில் வந்தவர்களிடம் சாவி. அரை மணி நேரம் கழித்துத்தான் திருப்பித் தருவார். அடகுக்கடை என்று முணுமுணுப்போம்.

"கடையில கஸ்டமர் நிக்கிறாங்க டாக்டர்."

"நிக்கட்டும். சேலை எங்கயும் ஓடாது. உட்காருங்க லா."

ஒருமுறை எனக்கு இழுப்பு இருந்தது. மார்பில் குழாயை வைத்துக் கேட்டவர், "நெஞ்சு விசில் அடிக்குது. இதை அடக்கிட்டு வாங்க, அப்புறம் ஊசி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கெஞ்சியும் மசியவில்லை.

பிறகொரு நாள், அளவைக் கூட்டிப் போட்ட ஊசி. பெஞ்சில் உட்கார்ந்து சற்று நேரத்தில் உள்ளங்கை அரித்தது, தொண்டை அடைத்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் படுக்கவைத்துத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். மூச்சு வந்தது. கையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கும் அனுப்பினார். ஹெல்மெட் என்னிடம் இருந்திருந்தால், அந்நேரம் கிள்ளானுக்குத் திரும்பும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே மோட்டாரில் போய்க்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த முறை பயந்துகொண்டே போனேன். "மறுபடியும் போடணுமா டாக்டர்?"

"அளவைக் குறைச்சுப் போடலாம். ஆபத்தே இல்லன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? வந்தா என் கண்ணு முன்னால வரட்டும்னுதான் சொல்றேன்."

போட்டுக்கொண்டேன். இப்போது புதுச் சேலைக்கட்டைப் பிரித்தாலும் எனக்குத் தும்மல் வருவதில்லை.

ஆனாலும் ஊசியை இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டும்; அடுத்த வாரம் மறுபடி என் முறை. கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டருக்கு ஹெல்மெட் வாங்கும் வழக்கம் தெரியாது. அவர் கேட்க வேண்டாம். நானே மேசைக்கடியில் வைப்பேன். டாக்டர் புவனா எனக்கு விட்டுப்போனது அந்த அரை மணி நேரம். பந்தலில் பேசியவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் வரட்டும், பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரட்டும். எழுந்து ஓட நான் விடமாட்டேன்.