நெரிசலின் இங்கிலீஷும் ஒரு கல்யாண கேக்கும்

யுத்த காலத்தில் ஒயிட்ஃபீல்டுக்கும் கண்டோன்மெண்டுக்கும் நடுவே ஓடிய கரி பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். ஓடும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

எனக்கு இங்கிலீஷ் வந்ததெல்லாம் ஜனங்கள் என்னைத் திட்டியதால் வந்தது. ஒயிட்ஃபீல்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டு குடியிருந்த ஆங்கிலோ இந்தியர்கள் அதிகம். சட்டைக்காரர்கள் என்போம். அவர்களில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்து வருவார். கூட்டம் ஏற ஏற, திரும்பிப் பார்க்காமலே ஒரு வார்த்தை சொல்வார். டிக்கெட் கிழித்துக்கொண்டே நான் அதைப் பிடித்து வைத்துக்கொள்வேன்.

'ஃபுல்' என்றால் உட்கார இடமில்லை. 'பேக்ட்' என்றால் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தாயிற்று. 'கிராம்ட்' என்றால் யாரோ ஒருவருடைய முருங்கைக்காய் இன்னொருவர் காதுக்குள் போகிறது. 'சாக்-அ-பிளாக்' வந்துவிட்டால் என்னாலேயே கையை மடக்க முடியாது. அதற்கும் மேலே 'சார்டைன்ஸ்'. தகர டின்னில் அடைத்து வரும் மத்தி மீனாம் அது. ஒரு நாள், பூனையைப் பிடித்துச் சுழற்றக்கூட இங்கே இடமில்லை என்றார்.

"பூனையை எதுக்கும்மா சுத்தணும்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் மேன்? அப்படித்தான் சொல்லுவாங்கோ. நீ ஆளை ஏத்தறதை நிறுத்து."

எங்கள் டிரைவர் பாய்க்கு எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே சொல்தான், 'கச்சாகச்'. கன்னடக்காரர்கள் 'கிக்கிரிது தும்பிதே' என்பார்கள். அதைச் சொல்லும்போதே வாய்க்குள் நாலு பேர் ஏறிவிடுவார்கள். நம்மவர்கள் எள்ளு போட்டால் எள்ளு விழாது என்பார்கள். ஆனால் படிக்குப் படி வேறே வேறே வார்த்தை வைத்துக்கொண்டு திட்டுகிற சுகத்தை டீச்சரம்மாவிடம்தான் பார்த்தேன்.

அந்த டீச்சரம்மா ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்தபோது கையில் மூடியில்லாத ஒரு மரப்பெட்டி. மேலே மஸ்லின் துணி. அன்று சாயங்காலம் கண்டோன்மெண்ட் சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெட்டிக்குள் இருந்தது கல்யாண கேக். சர்க்கரை ரேஷனில் இருந்த காலம். மாதக்கணக்கில் டீயில் சர்க்கரை போடாமல் மிச்சம் பிடித்து, மேலே வெள்ளை வெளேரென்று பூசிச் செய்த கேக்.

"கண்டக்டர், இது ஒடைஞ்சா இன்னொண்ணு இல்லே. புரியுதா?" என்றார்.

"மடியிலே வெச்சுக்கோங்கம்மா. இன்னிக்கு நான் ஆளையே ஏத்தலே" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். பாதி வழி வரையில் என் வாக்கு நின்றது.

மாரத்தஹள்ளி தாண்டியதும் எங்களுக்கு முன்னால் போன பஸ் கரி அணைந்து நடுரோட்டில் நின்றிருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: நின்றுபோன வண்டியின் ஜனங்களை ரோட்டில் விட்டுவிட்டு இன்னொரு வண்டி தாண்டிப் போகக்கூடாது. நாளைக்கு நம் வண்டியும் நிற்குமே. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் ஜனங்கள் ஏறிவிட்டார்கள்.

டீச்சரம்மா பேக்ட், கிராம்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டினார். "பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்" என்றார். அது புது வார்த்தை.

"அப்படின்னா என்னம்மா?"

"தையல் பிரியுது மேன், பஸ்ஸோட தையல்." அந்த நிலையிலும் அர்த்தம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. முப்பது வருஷம் பாடம் சொன்ன வாய்.

பக்கத்தில் நின்ற ஒருவருடைய பலாப்பழ மூட்டை கேக்குக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா பெட்டியின்மேல் கவிழ்ந்து அதை மறைத்துக்கொண்டார். முதுகில் பலாப்பழம் இடித்தது. உதடு மட்டும் அசைந்தது. ஜபம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பஸ்ஸிலிருந்து ஏறியவர்களில் தொம்மலூர்ப் பூக்காரம்மாவும் ஒருத்தி. "இன்னாம்மா அது, புள்ளெ மாதிரி கட்டிப் புட்ச்சிக்கினு கீறே?" என்றாள்.

நான்தான் பதில் சொன்னேன். "பொண்ணு கல்யாணத்துக்குப் பலகாரம். சாயங்காலம் கல்யாணம்."

"சீரா?" என்றாள் பூக்காரம்மா. "சீரை யாராச்சும் அப்டி அமுக்கி வெப்பாங்களா? குடு இப்படி."

டீச்சரம்மா கொடுக்கவில்லை. பூக்காரம்மாவும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெட்டி மேலே போய்விட்டது. சீர்த்தட்டு என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு முறை உண்டல்லவா? கிளம்பிய தட்டைப் போய்ச் சேரும்வரை கீழே வைக்கமாட்டார்கள். கை மாறலாம், அவ்வளவுதான். பலாப்பழக்காரர் மூட்டையைக் காலுக்கிடையில் தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். கன்னடக்காரக் கவுடர் ஒருவர், "மதுவே சாமானா?" என்று கேட்டு, கல்யாணச் சாமான்தான் என்று தெரிந்ததும் அவரும் தூக்கினார். அந்த நெரிசலில் ஒரு தரம் தூக்கிய கையைக் கீழே இறக்கவும் இடமில்லை. கூரைக்கு ஒரு சாண் கீழே, விரல் நுனிகளின்மேல், கேக் பெட்டி மிதந்து வந்தது.

"தம்பி, என்ன சத்தமே இல்லே? எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்றார் பாய்.

"ஓட்டுங்க பாய், மெதுவா."

ஏற்றம் வந்தது. கரி பஸ் ஏற்றத்தில் மூச்சு விட்டுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவது வாடிக்கை. அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. "சீரை வெச்சிட்டு எப்படி எறங்கறது?" என்றார் பலாப்பழக்காரர், ஏதோ அவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் மாதிரி. படியில் தொங்கியவர்களும் நானும் தள்ளினோம். எங்கள் முகமெல்லாம் கரி.

கண்டோன்மெண்டில் பெட்டி இறங்கியது. மஸ்லினைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. டீச்சரம்மா அப்போதுதான் மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் பூக்காரம்மா, "வெறுமனே போவக்கூடாது" என்று மடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, வெள்ளைப் பூச்சுக்கு நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

டீச்சரம்மா கைக்குட்டையால் அதைத் துடைக்கப் போனார். ஒரு இழுப்புதான், பொட்டு வால் முளைத்து நீண்டுவிட்டது. இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பூக்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு பொட்டை அழிக்காதே தாயி. பொண்ணு தீர்க்காயுசா புருசனோட வாழவாணாமா?"

டீச்சரம்மா கேக்கைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரன், கல்யாணம் முடிந்த வாரமே பர்மா பக்கம் போகிறவன். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பெட்டியைப் பூக்காரம்மாவிடம் நீட்டினார்.

"ஒழுங்கா, ரௌண்டா வை. வால் தெரியக்கூடாது."

பூக்காரம்மா வாலை மறைத்து, இந்தத் தரம் இலந்தைப்பழம் அளவுக்குக் குவித்துப் பெரிதாக வைத்தாள். கேக் ஜட்காவில் ஏறிப் போயிற்று.

அடுத்த வாரம் டீச்சரம்மாவிடம் பயந்து பயந்து விசாரித்தேன். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை செர்ரிப்பழம் என்று நினைத்தார்களாம். யுத்த காலத்தில் செர்ரி எங்கே கிடைத்தது என்று ஒரே ஆச்சரியமாம். அந்தத் துண்டுக்குப் போட்டி. கடைசியில் மாப்பிள்ளையின் மேஜர் துரைக்குக் கொடுத்தார்களாம்.

"சாப்பிட்டாரா?"

"முழுசா. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம் எக்ஸலண்ட்னு சொன்னாரு" என்றார் டீச்சரம்மா. "நீ டிக்கெட்டைக் கொடு."